சர்வ ஜாக்கிரதை பூதலிங்கமும் சிரிப்பு வாயுவும்

ஆபத்தான காரியம் செய்கிறவர்களில் இரண்டு வகை உண்டு. யோசிக்காமல் செய்கிறவர்கள் முதல் வகை. இவர்களால் ஊருக்குப் பெரிய தொந்தரவு கிடையாது. முதல் முயற்சியிலேயே கையையோ காலையோ ஒடித்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்துவிடுவார்கள். நான் சொல்ல வந்தது இரண்டாவது வகையை. சர்வ ஜாக்கிரதைக்காரர்கள். தேன்கூட்டைக் கலைப்பதற்கு முன் சட்டையின் கழுத்துப் பித்தானைப் போட்டுக்கொள்வார்கள். ஆடுகிற மேஜைமேல் நாற்காலியையும் நாற்காலிமேல் முக்காலியையும் அடுக்கிவிட்டு, மேஜையின் ஒரு காலுக்கு மட்டும் பழைய காலண்டர் அட்டையை மடித்து முட்டுக்கொடுத்து, அதை இரண்டு தடவை அசைத்துப் பார்த்துத் திருப்தியோடு ஏறுவார்கள். கேட்டால் என்ன சொல்வார்கள்? "எல்லாம் சேஃப்டியாத்தான் செய்யுதேன்."

பாளையங்கோட்டையில் என் பக்கத்து வீட்டுக்காரர் பூதலிங்கம் இந்த இனத்தின் உயர்ந்த மாதிரி. அரசு அலுவலகம் ஒன்றில் கண்காணிப்பாளர். ஒரு அம்பாசிடர் கார் வைத்திருந்தார். அது தொழிற்சாலையிலிருந்து வந்தது வந்தபடி இருந்ததில் அவருக்குச் சம்மதமே இல்லை. "செஞ்சவன் பொதுவாச் செஞ்சு விட்டுட்டான்வே. நாமதான் பாத்துச் சரிபண்ணிக்கிடணும்" என்பார். சரிபண்ணிச் சரிபண்ணி, ஹாரன் அடித்தால் வைப்பர் ஓடும் நிலைக்கு அதைக் கொண்டுவந்திருந்தார்.

தொண்ணூற்றாறாம் வருஷம் ஐப்பசியில் அந்தச் சம்பவம் நடந்தது. வண்ணார்பேட்டைப் பாலத்தின் மேல் அம்பாசிடர் மூச்சிரைத்துக்கொண்டு போகையில், ஒரு டவுன் பஸ் அதை முந்தியது. முந்தியதோடு விட்டிருக்கலாம். கண்டக்டர் படியில் தொங்கியபடி தலையை நீட்டி, "அண்ணாச்சி, இறங்கித் தள்ளட்டா?" என்று கேட்டான். பஸ் முழுக்கச் சிரித்தது. பூதலிங்கம் மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

நான்காவது நாள், துபாயிலிருந்து வந்த சிநேகிதர் விட்டுப்போன ஒரு கார்ப் பத்திரிகையோடு என் வீட்டுக்கு வந்தார். "வே, நைட்ரஸ் ஆக்ஸைடுன்னு ஒரு வாயு. அதை என்ஜினுக்குள்ள விட்டா குதிரை மாதிரி பாயுமாம்."

"ஓய், அது ஆஸ்பத்திரியில ஆளை மயக்கத்துக்குக் குடுக்கதுல்லா?"

"ஆளுக்குக் குடுத்தாத்தான் மயக்கம். என்ஜினுக்குக் குடுத்தா வேகம். சேஃப்டியாச் செய்யணும், அவ்வளவுதான்."

ஆஸ்பத்திரிகளுக்குச் சிலிண்டர் கொண்டுபோய்க் கொடுக்கும் தாஜ் முகம்மது அவருடைய பள்ளித் தோழர். இந்த வாயு என்ஜினுக்கு என்று தெரிந்திருந்தால் அந்த நல்ல மனுஷர் கொடுத்திருக்க மாட்டார். பூதலிங்கம் என்ன சொல்லி வாங்கினார் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. நீலச் சிலிண்டர் ஒன்று வந்து சேர்ந்தது. மெக்கானிக் தேவதாசன் பட்டறைக்கு அதைக் கொண்டுபோனோம்.

தேவதாசன் பத்திரிகையின் படங்களை அரைமணி நேரம் பார்த்தார். குறைவாகப் பேசுகிற மனிதர். அன்றைக்கு நிறையவே பேசினார்.

"அண்ணாச்சி, நான் சொல்லுததை முழுசாக் கேளுங்க. இந்த வாயு போனா பெட்ரோலு நல்லா எரியும். எரியதுக்குத் தக்கன பெட்ரோலும் கூடப் போவணும். அதுக்குத் தனியா ஒரு குழாயும் திருகும் வச்சுத் தாரேன். அந்தத் திருகைத் தொட்டீங்கன்னா பிஸ்டன் உருகிரும். ஆக்ஸிலேட்டரை முழுசா மிதிச்ச பெறவுதான் பட்டனை அமுக்கணும். பத்து எண்ணதுக்குள்ள கையை எடுத்துரணும். ஓட்டாத நேரம் சிலிண்டரு மூடியே கெடக்கணும். டிக்கிக்குள்ள வச்சா, லீக்காச்சுன்னா வெளிய போவ ஒரு துளை போட்டுக் குழாய் விடணும். இதை மோந்தா ஆளுக்குக் கிறுக்குப் பிடிச்ச மாதிரி சிரிப்பு வருமாம். ரொம்ப மோந்தா எந்திரிக்கவே மாட்டான்."

பூதலிங்கம் ஒவ்வொன்றையும் பாக்கெட் டைரியில் எண் போட்டு எழுதிக்கொண்டார். இதுதான் இந்த இனத்தின் சிறப்பு. எழுதிக்கொள்வார்கள். அழகான கையெழுத்தில் எழுதி, சிவப்பு மையால் அடிக்கோடும் போடுவார்கள். அதன்பிறகு வீட்டுக்கு வந்து, எதெதை விட்டுவிடலாம் என்று அதே டைரியைப் பார்த்து முடிவுசெய்வார்கள்.

துளை போட்டால் பெயிண்ட் போய்விடும் என்று துளை வேண்டாம் என்றார். பெட்ரோல் அநியாயத்துக்குக் குடிக்குமே என்று அந்தத் திருகை, தொடக்கூடாத அதே திருகை, முக்கால் பங்கு மூடினார். ஆனால் சிவப்புப் பட்டன் தெரியாமல் அழுந்திவிடக் கூடாது என்று அதற்கு ஒரு சோப்பு டப்பா மூடி போட்டார். டிக்கியில் வைத்த சிலிண்டரைச் சுற்றிப் போர்வை. ஸ்டியரிங்கில் மஞ்சள் கயிறு. முன்கண்ணாடியில் திருநீறு. வேறென்ன வேண்டும்?

அதை ஓட்டிப்பார்க்க அவருக்கு வாய்ப்பு வருவதற்கு முன்பே சேரன்மகாதேவியிலிருந்து தகவல் வந்தது. அவர் மனைவி சுகிர்தாவின் பெரியப்பா, ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஐயம்பெருமாள் பிள்ளை, காலையில் தவறிவிட்டார். எனக்கும் ஒரு காலத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். பதினோரு மணிக்கு எடுக்கிறார்கள். அப்போதே மணி பத்தேகால். அடைமழை வேறு.

பூதலிங்கம், சுகிர்தா, நான், மூன்று பேரும் காரில் ஏறினோம். வழியில் நனைந்துகொண்டு இறங்க வேண்டாமே என்று பூதலிங்கம் வீட்டிலேயே சிலிண்டரைத் திறந்துவிட்டு வந்தார். "அவசரம்னா பட்டனை அமுக்கிக்கிடலாம்லா" என்றார். மழைக்காக எல்லாக் கண்ணாடிகளையும் ஏற்றிவிட்டோம்.

மேலப்பாளையம் தாண்டும்வரை சுகிர்தா அழுதுகொண்டிருந்தார். பாவம், அந்தப் பெரியப்பா வீட்டில் வளர்ந்தவர். "எனக்குப் பதினாறாம் வாய்ப்பாடு வரைக்கும் சொல்லித் தந்தாங்களே... பதினாறுல தப்பு விட்டேன்னு முட்டி போட வச்சாங்களே..." என்று விசும்பியவர், திடீரென்று ஒரு விக்கலுடன் நிறுத்தினார். பிறகு "களுக்" என்று ஒரு சத்தம் கேட்டது.

நான் பின்சீட்டில், சிலிண்டருக்குப் பக்கத்தில் என்றே சொல்ல வேண்டும், உட்கார்ந்திருந்தேன். உதடு மரத்ததுபோல் இருந்தது. வயல்வெளியில் மழையில் நனைந்துகொண்டு நின்ற எருமை ஒன்று, எனக்கு லீவு மறுத்த மேலதிகாரியைப்போலவே என்னைப் பார்த்தது. அதைச் சொல்ல வாய் திறந்தேன். சிரிப்புதான் வந்தது.

"என்னவே சிரிக்கீரு, துட்டி வீட்டுக்குப் போகையில?" என்று பூதலிங்கம் கண்டிப்பாகத் தொடங்கி, "துட்டி" என்ற சொல்லுக்கு மேல் போக முடியாமல் ஸ்டியரிங்கில் நெற்றியை முட்டிக்கொண்டு குலுங்கினார்.

"ஏங்க... ரோட்டைப் பாருங்க... ரோடு..." என்று சுகிர்தா கண்ணீரும் சிரிப்புமாக அவர் தோளை அடித்தார். "பதினாறு ஏழு எவ்வளவுங்க? எனக்கு இப்பவும் தெரியல!"

மூன்று பேரும் ஊளையிட்டோம்.

பத்தமடை தாண்டியதும் முன்னால் ஒரு பஸ். பூதலிங்கம் நிமிர்ந்தார். சோப்பு டப்பா மூடியைத் திறந்தார். "சேஃப்டி!" என்று கத்திக்கொண்டே பட்டனை அமுக்கினார். ஐயா, அந்த அம்பாசிடர் பாய்ந்தது! கல்யாண மண்டபத்தில் தூங்கிக்கொண்டிருந்தவரை இலை போட்டாச்சு என்று எழுப்பியதுபோல் பாய்ந்தது. அறுபது, எழுபது, எண்பத்தைந்து. பஸ் பின்னால் போயிற்று. "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று விதிப்படி எண்ணத் தொடங்கிய பூதலிங்கம், ஆறுக்குப் பிறகு பத்து வருமா பதினாறு வருமா என்று சந்தேகம் வந்து, மறுபடி ஒன்றிலிருந்து எண்ணினார். அதுவரை விரல் பட்டனில்தான் இருந்தது.

சேரன்மகாதேவித் தெருவுக்குள் திரும்பும்போது என்ஜினிலிருந்து சரளைக்கல்லை உரலில் போட்டு இடித்த சத்தம் வந்தது. துக்க வீட்டு வாசலில் "டொப்" என்று ஒரு வெடி, வெள்ளைப் புகை. கார் நின்றது. சங்கு ஊதிக்கொண்டிருந்தவர் சங்கை இறக்கினார். கூடியிருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்க்க, கதவுகள் திறந்தன. ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மூன்று பேர் சிரித்தபடி இறங்கினோம்.



வெளிக்காற்று பட்டதும் வாயுவின் வேலை இரண்டு நிமிஷத்தில் இறங்கிவிட்டது. ஆனால் சிரிக்கவே கூடாத இடம் என்று தெரிந்த பிறகு வருகிற சிரிப்பு இருக்கிறதே, அதை எந்தக் காற்றால் இறக்க முடியும்? உள்ளே பெரியப்பா மாலையோடு படுத்திருக்கிறார். சுகிர்தா பெரியம்மாவின் காலடியில் விழுந்து, "பெரியம்மா..." என்று ஆரம்பித்து, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினார்.

"என்னட்டி இது? கோட்டி கீட்டி பிடிச்சிருக்கா உனக்கு?" பெரியம்மா அன்னத்தாய் கையை ஓங்கிவிட்டார்.

"அத்தை, அவளை ஒண்ணும் சொல்லாதீங்க" என்று பூதலிங்கம் ஓடிவந்தார். "காருக்குள்ள ஒரு வாயு... மோந்தா சிரிப்பு வரும்... எல்லாம் சேஃப்டியாத்தான்..." முடிக்க முடியவில்லை. தூணைப் பிடித்துக்கொண்டார்.

ஓங்கிய கை அப்படியே நின்றது. அன்னத்தாய் எங்கள் மூவரையும் பார்த்தார். படுத்திருந்தவரைப் பார்த்தார்.

"அம்பத்தாறு வருசம் மாப்ளே" என்றார் மெதுவாக. "இந்த வீட்டுல பல்லு தெரிய ஒருத்தரும் சிரிச்சதில்லை. சிரிச்சா, அங்கன என்ன இளிப்புன்னு ஒரு சத்தம் வரும். இப்ப கேக்கச் சொல்லுங்களேன் உங்க மாமாவை. கேக்கச் சொல்லுங்க பாப்போம்."

அவருடைய உதடு ஒரு பக்கமாக நடுங்கியது. எந்த வாயுவையும் முகராத அந்த அம்மாள் சிரித்தார். சிரித்தபடியே சுகிர்தாவைக் கட்டிக்கொண்டு, அதே மூச்சில் கதறி அழுதார். காலையிலிருந்து அவர் அழவே இல்லையாம். எல்லோரும் அதற்காகத்தான் பயந்துகொண்டிருந்தார்களாம்.

மறுநாள் தேவதாசன் பஸ்ஸில் வந்து என்ஜினைக் கழற்றினார். பிஸ்டன் ஒன்றில் நாலணாக் காசு நுழைகிற அளவுக்கு ஓட்டை. திருகைப் பார்த்தார். சிலிண்டர் குழாயில் லீக் இருந்ததைப் பார்த்தார். டிக்கியில் துளை இல்லாததைப் பார்த்தார்.

"பிஸ்டனை மாத்திரலாம் அண்ணாச்சி. இன்னும் பத்து நிமிசம் கண்ணாடியை ஏத்திக்கிட்டு வந்திருந்தீங்கன்னா, பெரியவரோட சேத்து நாலு பேரையில்லா தூக்கியிருக்கணும்?"

அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. சுகிர்தா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து புருஷனிடம் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். "இனிமே இந்த வண்டியில ஒரு ஆணியை மாத்தினாலும் நான் டவுன் பஸ்லதான் வருவேன், உங்களை முந்திக்கிட்டுப் போகையில நானும் கேப்பேன், தள்ளட்டான்னு."

சிலிண்டர் அன்றே திரும்பிப் போனது. பூதலிங்கம் காரைத் தொடுவதே இல்லை. இப்போது பிரஷர் குக்கரின் வெயிட் தேவைக்குக் குறைவாக இருப்பதாக ஒரு சந்தேகத்தில் இருக்கிறார். டைரியில் எழுதி வருகிறார்.

நல்லவேளை, நமக்கு இந்தக் குணம் கிடையாது என்று நிம்மதியாக மூச்சு விடுகிறீர்கள், இல்லையா? சந்தோஷம். எனக்கு ஒரே ஒரு விவரம் தெரிய வேண்டும். உங்கள் வீட்டில் ஃபியூஸ் போனபோது, கடைக்குப் போக நேரமில்லாமல், தற்காலிகமாக இருக்கட்டும் என்று கையில் கிடைத்த கம்பியை முறுக்கிச் சொருகினீர்களே. மரப்பலகைமேல் நின்றுதான் செய்தேன் என்று வீட்டில் பெருமையாகவும் சொன்னீர்களே. அதற்கு எத்தனை வருஷம் ஆயிற்று?