அடியாளின் அம்மா

"இன்னிக்கு ஆட்டம் இல்லம்மா. ஐஸ் உருகிடுச்சு" என்றான் லோர்ன் போனில்.

கனடாவின் சஸ்காச்சுவானில், அதுவும் பிப்ரவரிக் குளிரில், இப்படிச் சொல்ல ஒரு தைரியம் வேண்டும். அது அவனிடம் இருந்தது. முன்பற்கள்தான் இல்லை.

"அப்படியா கண்ணு? நான் அரங்கு வாசல்லதான் நிக்கிறேன். கண்ணு இமையெல்லாம் உறைஞ்சுபோச்சு" என்றாள் அம்மா டோரீன்.

பனி ஹாக்கியில் கோல் போட ஆள் உண்டு, தடுக்க ஆள் உண்டு. இவர்கள்மேல் எதிரணிக்காரன் கைவைத்தால் அவனைப் புரட்டியெடுக்க ஓர் அடியாளும் உண்டு. லோர்ன் மூன்றாவது ரகம். அம்மாவிடமோ கோல் மன்னன் என்று சொல்லிவைத்திருந்தான். பிழைப்பாக ஆட வந்தபின் அவன் போட்டது ஒரே கோல். அதுவும் முதுகில் பட்டு, சொந்த வலைக்குள். பல் போனதற்குக் கதவு, மூக்கு உடைந்ததற்கு மாடிப்படி என்று காரணம் சொல்வான். "பார்த்து நட சாமி" என்பாள் அம்மா.

அவளுக்குத் தூணுக்குப் பின்னால் இடம்பிடித்துக் கொடுத்தான். சோளப்பொரி விற்பவர், "லோர்னோட அம்மாவா நீங்க!" என்று கைத்தாங்கலாக அழைத்துப்போய், ஐஸை ஒட்டிய கண்ணாடி ஓரம் உட்காரவைத்துவிட்டார்.

பயிற்சியாளர் மெக்ரேயிடம் ஓடினான்.

"கை வலிக்குது கோச். மட்டையே பிடிக்க முடியல."

"உன்னை யாருடா மட்டை பிடிக்கச் சொன்னா? அந்த புஷார் நம்ம பசங்களைப் போட்டு மிதிக்கிறான். இன்னிக்கு அவனைக் கவனிக்கலேன்னா அடுத்த வருஷம் உனக்கு ஒப்பந்தம் கிடையாது. இந்த வயசுல வேற எவன் உன்னை எடுப்பான்?"

மிச்சமிருந்தது புஷார் ஒருவன்தான். எதிரணியின் அடியாள். அடியாட்களுக்குள்ளும் தர்மம் உண்டு: "போலாமா?" என்று கேட்டு, மற்றவன் தலையசைத்த பிறகே கையுறையைக் கழற்றுவார்கள்.

"இன்னிக்கு மட்டும் விட்டுடுடா. அம்மா வந்திருக்காங்க" என்றான் லோர்ன். ஒப்பந்தம் போனால் போகட்டும்.

"அம்மான்னா அப்புறம் என்ன" என்று நெஞ்சில் கைவைத்தான் புஷார்.

இரண்டாம் பகுதி ஆட்டத்தில், சரியாக அம்மாவின் மூக்குக்கு நேரே, கையுறைகளை வீசியெறிந்தான் அந்தத் தர்மவான்.

"டேய், சொன்னேனேடா!" என்று லோர்ன் அவனைக் கட்டிப்பிடித்தான். தாடையில் ஒரு குத்து விழுந்தது. அவ்வளவுதான், பழக்கதோஷம், லோர்னின் கைகள் அவனைக் கேட்காமலே வேலையைத் தொடங்கிவிட்டன. அரங்கமே எழுந்து கூத்தாடியது. மெக்ரே கட்டைவிரலை உயர்த்தினார். அம்மா இரு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.

சண்டைக்குத் தண்டனையாக இருவரையும் ஐந்து நிமிடம் அடுத்தடுத்த கண்ணாடிக் கூண்டுகளில் அடைத்தார்கள்.

"வேலை தப்பிச்சுது. அம்மா முகத்துலதான் இனி முழிக்க முடியாது" என்று நடுவிலிருந்த கண்ணாடியைத் தட்டினான் லோர்ன். "நீயெல்லாம் மனுஷனாடா?"

புஷார் உதட்டு ரத்தத்தைத் துடைத்துக்கொண்டான்.

"உங்கம்மாதான்டா காலையில நாங்க தங்கியிருக்கிற ஓட்டலுக்கு வந்து என் கையைப் புடிச்சுக்கிட்டாங்க: 'சண்டை வேணாம்னு என் பையன் வந்து கெஞ்சுவான், கேட்டுடாதப்பா, அவனுக்கு வேற தொழில் தெரியாது'ன்னு."