கோடு சார் வரைந்த பாட்டு

கோயமுத்தூர் ஜில்லாவிலேயே சாக்பீஸால் பாட்டுப் பாடிய ஒரே மனிதர் எங்கள் கோடு சார்தான். தொண்ணூறுகளின் நடுவில், சோமனூர்ப் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் நான் மூன்றாம் வகுப்பு வாத்தியார். தற்காலிகப் பாட்டு வாத்தியாராக வந்த அவர் ஆர்மோனியம் கேட்கவில்லை. கலர் சாக்பீஸ் ஒரு டப்பா கேட்டார்.

கரும்பலகையில் மேடும் பள்ளமுமாக ஒரு கோடு இழுப்பார். பிள்ளைகள் குரலை ஏற்றி இறக்கிப் பாடுவார்கள். அதே கோட்டைப் புள்ளி புள்ளியாக வைப்பார். அதே மெட்டு தத்தித் தத்தி வரும். சுருள் சுருளாகப் போட்டால் குழைந்து வரும்.

"ஏனுங்க சார், இது பாட்டு வகுப்புங்களா, டிராயிங்குங்களா?" என்றேன்.

"சேலை பார்டருங்க. போற வழி ஒன்னுதான். ஒன்னுல பூ, ஒன்னுல புள்ளி."

எனக்குப் பாட்டும் புரியவில்லை, சேலையும் புரியவில்லை. தலையை ஆட்டினேன். அது மட்டும் எனக்கு நன்றாக வரும்.

வெள்ளிக்கிழமை கல்வி அதிகாரி ஆய்வுக்கு வருவதாக இருந்தது. அவர் திருப்திப்பட்டால் கோடு சாருக்கு வேலை நீடிக்கும். இல்லாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். முந்தின நாள் சாயங்காலம் சுவரைப் பார்த்தேன். மறுநாள் பாடிக் காட்டுவதற்காகப் பிள்ளைகள் வரைந்த ஒன்பது கோட்டுப் படங்கள், ஒன்றுபோல் இன்னொன்று இல்லை. ஒரே பாட்டைத் தப்புத் தப்பாக வரைந்திருக்கிறார்கள், மனுஷன் வேலை போய்விடுமே என்று பதறி, எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, முதல் படத்தையே ஒன்பது தடவை பார்த்து வரைந்து ஒட்டினேன். அவ்வளவு அக்கறையாக நான் சொந்தப் பாடத்தைக்கூட நடத்தியதில்லை.

மறுநாள் கோடு சார் அதிகாரியின் முகத்தைப் பார்த்தபடியே குச்சியால் முதல் படத்தைத் தொட்டார். பிள்ளைகள் பாடினார்கள். இரண்டாவதைத் தொட்டார். அதே பாட்டு. ஐந்தாவதிலும் அதே.

"ஏனுங்க, ஒரே பாட்டை எத்தனை வாட்டிங்க?" என்றார் அதிகாரி.

முன்வரிசையில் தறிக்காரர் மகள் ஒருத்தி எழுந்தாள். "படம் மாறலீங்க சார். எங்கூட்டுத் தறியில ஓட்டை போட்ட டிசைன் அட்டைய மாத்தாம சேலைல டிசைன் மாறுமுங்களா?"

கோடு சார் படங்களைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

அவர் சாக்பீஸை அதிகாரியிடம் நீட்டினார். "நீங்களே மாத்திப் பாருங்க."

அதிகாரி விழித்தார். கூச்சத்தோடு புழு மாதிரி ஒன்றை வரைந்தார். வகுப்பே அந்த மெட்டை நெளிய நெளியப் பாடியது. இன்னொன்று வரைந்தார். மணி அடித்த பிறகும் சாக்பீஸைத் திருப்பித் தரவில்லை. வேலை நீடித்தது.

"என்னைய மாட்டிவுட்டிருக்கலாமுங்களே," என்றேன் சாயங்காலம்.

"எதுக்குங்க? நீங்களும் ஆசையாத்தானே வரைஞ்சீங்க. அதையும் புள்ளைங்க பாடிப்போட்டாங்க."

என் ஒன்பது படங்களையும் அந்த வருஷம் முழுக்க அவர் சுவரிலிருந்து எடுக்கவே இல்லை.