துண்டு காய்ந்த அடையாளம்

கர்த்தருக்குள் அன்பான அண்ணனுக்குத் தங்கச்சி எழுதுவது. நீங்களும் அண்ணியும் பிள்ளைகளும் சுகமாக இருக்க ஜெபிக்கிறேன். நானும் சுகம் என்று எழுத வேண்டும். அவரை அடக்கம் செய்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, அதனால் அந்த வரியை இந்தத் தடவை விட்டுவிடுகிறேன்.

வீட்டைக் காலி செய்து, லாண்டரி வேலையையும் விட்டுவிட்டு உங்களோடு வந்துவிடச் சொன்னீர்கள். கர்த்தரே அடையாளம் கொடுத்துவிட்டார், இனி யோசிக்க என்ன இருக்கிறது என்றும் கேட்டீர்கள். வாஸ்தவம்தான். வேதத்தில் ஒருத்தர் ஆட்டுத் தோலை வெளியில் போட்டு அடையாளம் கேட்டாராம், நீங்கள் துக்கத்துக்கு வந்து இங்கே தங்கியிருந்தபோது துண்டை நனைத்துக் கொடியில் போட்டீர்கள். "சாயந்திரத்துக்குள்ள காஞ்சுட்டா நீ எங்க வீட்டுக்கு வரணும்கிறதுதான் சித்தம்" என்றீர்கள். அன்றைக்கு மண்டையைப் பிளக்கிற வெயில் அண்ணா. வருஷக்கணக்காக ஈரத்துணியோடு மாரடிக்கிறவள் நான், கம்பளியே காய்ந்திருக்கும். ஆனாலும் நீங்கள் கண்ணீர் விட்டு ஸ்தோத்திரம் சொன்னீர்கள், நானும் ஆமென் போட்டேன்.

அதற்கு முன்னாடியும் உங்களுக்கு அடையாளம் வந்தபடிதான் இருந்தது. அவருடைய சைக்கிள் யாருக்கு என்று பெல்லை அடித்துப் பார்த்தீர்கள், அடித்தது, உங்கள் பையனுக்கு என்று ஆகிவிட்டது. பெல் என்று இருந்தால் அடிக்கத்தானே செய்யும். உங்கள் வீட்டில் சமைக்கிற அம்மா வேலையை விட்டு நின்றுபோன அதே வாரத்தில் கர்த்தருக்கு என் ஞாபகம் வந்திருக்கிறது. அண்ணி போனில், "வந்துடும்மா, உனக்கும் ஒரு மாத்தமா இருக்கும், காலையில அஞ்சு சாப்பாட்டு டப்பா கட்டிட்டா போதும்" என்றார்கள். என்ன கரிசனம்.

அவரும் ஜெபிக்கிற மனுஷன்தான். ஒழுகுகிற குழாயை மாற்றுவதா, ஒட்டுவதா என்பதற்குக்கூடக் கண்ணை மூடுவார். கண்ணைத் திறந்ததும் என் பக்கம் திரும்பி, "உனக்கு என்ன தோணுது?" என்பார். நான் ஒன்று சொல்வேன், அவர் ஒன்று சொல்வார், சண்டை போட்டுக்கொண்டே கடைக்குப் போவோம். வானத்திலிருந்து ஒரு அடையாளமும் அவருக்கு வந்ததில்லை, பாவம். பொண்டாட்டியைத்தான் கேட்டார். குழாய் இன்றுவரை ஒழுகவில்லை.

ஆகையால் அண்ணா, சித்தத்துக்குக் கீழ்ப்படிந்து வருகிற சனிக்கிழமை வந்துவிடுகிறேன். பின்னறையை ஒழித்து வையுங்கள். கர்த்தர் உங்கள் குடும்பத்தையும், வந்து சேர்ந்த சைக்கிளையும் காத்துக்கொள்வாராக.

இப்படிக்கு,
உங்கள் தங்கச்சி

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும்போதுதான் ஞாபகம் வருகிறது. நானும் ஒரு அடையாளம் கேட்டிருந்தேன். நான் போகத்தான் வேண்டுமென்றால், இங்கே தங்கியிருக்கிற நாளில் ஒரு வேளையாவது அண்ணன் குடித்த டம்ளரை அண்ணனே கழுவட்டும் ஆண்டவரே என்று. கடலைப் பிளந்தவருக்கு டம்ளர் ஒரு பெரிய காரியமா? நீங்கள் வைத்துவிட்டுப் போன கடைசி டம்ளர் ஜன்னலோரத்தில் எறும்பு மொய்த்துக் கிடந்தது. நான்தான் கழுவினேன்.

அதனால் வரவில்லை. துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் எனக்காகக் கர்த்தரைக் கேட்டார்கள், என்னை ஒருத்தரும் கேட்கவில்லை. நேற்று ஜெபித்துவிட்டுக் கண்ணைத் திறந்தேன். எதிரே அவர் நாற்காலி. கேட்க ஆள் இல்லை, என்னை நானே கேட்டுக்கொண்டேன்.

திங்கட்கிழமை வேலைக்குப் போகிறேன். உங்கள் துண்டை இஸ்திரி போட்டு இதோடு அனுப்பியிருக்கிறேன். சைக்கிளைத் திருப்பி அனுப்புங்கள், அதில்தான் போக வேண்டும். பெல்லை அடித்துப் பார்க்க வேண்டாம்.