பணிவில் ஏ பிளஸ்

‘மார்க் முக்கியமில்லை’ என்று சொல்லும் பெற்றோர் என்றொரு இனம் உண்டு. பார்த்திருப்பீர்கள். பள்ளி விடுவதற்குக் கால் மணி நேரம் முன்பே வாசலில் வந்து நின்றுகொண்டு, யாராவது அகப்படுவார்களா என்று கழுத்தை நீட்டிக்கொண்டிருக்கும். அகப்பட்டவரிடம் முதலில் வெயிலைப் பற்றிப் பேசும். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, “எங்களுக்கு மார்க்கெல்லாம் முக்கியமில்லைங்க. பிள்ளை நல்ல மனுஷியா வளரணும், அவ்வளவுதான்” என்று சொல்லும். சொன்ன கையோடு, “ஆமா, உங்க பொண்ணு எவ்வளவு மார்க்?” என்று கேட்கும்.

இந்த இனத்தைப் பற்றி எனக்கு எப்படி இவ்வளவு தெரியும் என்கிறீர்களா? தினமும் காலையில் சவரம் செய்யும்போது கண்ணாடியில் பார்க்கிறேன்.

என் மகளுக்குப் பதினொரு வயது. அவள் படிப்பது செவ்வியல் கல்விப் பள்ளி. அங்கே பழம்பாடல்களை மனப்பாடம் செய்கிறார்கள். இன்று யாருமே பேசாத ஒரு மொழியில் வேர்ச்சொல் தோண்டுகிறார்கள். தர்க்கம், சொல்லாற்றல், அளவுகோலும் காம்பஸும் வைத்து வடிவியல் என்று காலம் தள்ளுகிறார்கள். ஒழுக்கம் ஒரு தனிப் பாடம், கூட்டுவாழ்வு இன்னொன்று, துப்புரவுக்கு ஆளே கிடையாது, சனிக்கிழமைதோறும் பிள்ளைகளும் ஆசிரியர்களும் பெற்றோரும் ஒன்றாகச் சாப்பிட்டு, ஒன்றாகத் தட்டுக் கழுவி, ஒன்றாகத் தரை துடைக்க வேண்டும். சேர்க்கைக்குப் போனபோது தலைமை ஆசிரியை, “உங்க பொண்ணுகிட்ட என்ன குறை?” என்று கேட்டார். “ரொம்ப நல்லவ மேடம். அதுதான் குறை” என்றேன். அவர் எதையோ குறித்துக்கொண்டார். பாராட்டித்தான் எழுதுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

மகள் பள்ளியில் சேர்ந்தாள். படிப்பு எனக்கு ஏறியது. ஒருநாள் அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. “பக்கத்துலயே நின்னுக்கிட்டு என்ன பண்றீங்க?” என்றாள் மனைவி. “உன் கேள்வியின் முன்அனுமானத்திலேயே பிழை இருக்கிறது” என்றேன். “அடுப்பத் துடைங்க. முன்அனுமானத்த அப்புறம் பாத்துக்கலாம்” என்றாள். தர்க்கத்தில் அவளுக்கு முறையான பயிற்சி இல்லை. அடுப்பைத் துடைத்தேன்.

சனிக்கிழமைகளில் என்னைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். சட்டைக் கையை முழங்கைவரை மடித்துவிட்டு, உழைப்பின் மேன்மையைப் பற்றிப் பக்கத்துத் தொட்டிக்குக் கேட்கும்படி பேசிக்கொண்டே நாற்பது தட்டு கழுவுவேன். ஒருமுறை கூடவே வந்த மனைவி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். “இந்தக் கைய வீட்டுக்குக் கொண்டு வர்றதில்லையா?” என்று மட்டும் கேட்டாள்.

பக்கத்துத் தொட்டி பல் டாக்டருடையது. அவர் மகளும் என் மகளும் ஒரே பெஞ்சு. எங்கள் பள்ளியில் ஒழுக்கத்துக்கும் கிரேடு உண்டு. அதனால்தான் எங்கள் இனம் அங்கே செழிக்கிறது.

“எங்க பொண்ணுக்குப் பணிவுல ஏ பிளஸ். நாங்க யார்கிட்டயும் சொல்லிக்கிறதில்ல” என்றார் டாக்டர், மூன்றாவது சனிக்கிழமையாக.

“எங்க பொண்ணுக்கு ஏ தான். பிளஸ் கொடுத்தாக்கூட வேணாம்னுதான் சொல்லுவா” என்றேன்.

அன்றைக்கு நான்தான் ஜெயித்தேன். ஆனாலும் அந்த பிளஸ் மனதைவிட்டுப் போகவில்லை. எப்படி வாங்குவது? குறை நோட்டில்தான் வாங்க வேண்டும்.

குறை நோட்டு என்பது அந்தப் பள்ளியின் வழக்கம். ஒவ்வொரு பிள்ளையும் வாரம் ஒருமுறை தான் செய்த தவறு ஒன்றை எழுத வேண்டும். பெற்றோர் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்து மட்டும். சும்மா கையெழுத்துப் போட நான் என்ன தபால்காரரிடமா நிற்கிறேன்? மகள் எழுதும் முன்பே, “என்ன எழுதப் போற, சொல்லு” என்று உட்கார வைத்துவிடுவேன். வகுப்பில் தூங்கினேன் என்றால், ‘அதிகாலையில் எழுந்து படிப்பதால் களைப்படைகிறேன்’ ஆகும். பொறாமைப்பட்டேன் என்றால், ‘பிறர் திறமையை அளவுக்கு மீறி மதிக்கிறேன்’ ஆகும். நான் சொல்லச் சொல்ல அவள் எழுதுவாள். குறைகளெல்லாம் குளித்துத் தலைசீவி வரிசையில் நிற்கும்.

ஒரு வாரம் அவள் பேனாவைத் திறக்கவே இல்லை.

“அப்பா, அவளோட காம்பஸ இரவல் வாங்கி முனைய ஒடிச்சிட்டேன். சொல்லாம அவ பெட்டியிலயே வச்சிட்டேன். அவதான் ஒடிச்சான்னு வீட்டுல அவளத் திட்டினாங்களாம். இப்ப என்கூடப் பேசறதே இல்ல. இத எழுதணும்பா.”

யாருடைய காம்பஸ்? பல் டாக்டர் மகளுடையது! அது நோட்டில் ஏறினால், சனிக்கிழமை அந்தத் தொட்டியின் பக்கத்தில் நான் எந்த முகத்தோடு நிற்பது?

“எழுது. ‘கணிதத்தின் மீதுள்ள மட்டற்ற ஆர்வத்தால் சில சமயம் என்னையே மறந்துவிடுகிறேன்.’”

“ஆனா காம்பஸு?”

“அதெல்லாம் அதுக்குள்ளயே அடக்கம்மா.”

எழுதினாள். என்னை நிமிர்ந்து பார்க்காமல் எழுதினாள். வாக்கியம் நன்றாக வந்த சந்தோஷத்தில் நான் அதைக் கவனிக்கவில்லை.

பருவ முடிவுக்கு முன் பள்ளியிலிருந்து சுற்றறிக்கை வந்தது. வாசித்தேன். இரண்டு எழுத்துப் பிழைகளைக் கண்டுபிடித்து, சிவப்பு மையில் வட்டமிட்டுத் திருப்பி அனுப்பினேன். விஷயம் என்னவென்று மட்டும் மனதில் நிற்கவில்லை.

விஷயம் இதுதான். கடைசிச் சனிக்கிழமை, சாப்பாட்டுக் கூடத்தில், பிள்ளைகள் தங்கள் குறை நோட்டைத் திறந்து, அதில் யாருக்குத் தவறு செய்ததாக எழுதியிருக்கிறார்களோ அவர்களிடம் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும். நோட்டில் இருப்பதை மட்டும்தான் பேசலாம். அங்கே வந்து புதிதாகக் கதை கட்டக் கூடாது. மணி அடித்ததும் கூடமே எழுந்து நடமாடியது. ஒருத்தி அழுதாள், இரண்டு பேர் கட்டிக்கொண்டார்கள், ஆசிரியர் ஒருவர்கூட ஒரு மாணவியிடம் போய் ஏதோ சொல்லித் தலை குனிந்தார்.

என் மகள் உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையவில்லை. நோட்டைப் புரட்டினாள். முதலிலிருந்து மறுபடி புரட்டினாள். பதினைந்து குறைகள், ஒன்றிலும் ஒரு மனிதர் இல்லை. எதிர்வரிசையில் பல் டாக்டரின் மகள் இவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வகுப்பாசிரியை வந்தார். “உன் நோட்டுல யார் பேரும் இல்லையாம்மா?”

“இல்ல மிஸ்.”

நான் எழுந்திருக்க வேண்டும். ‘எழுதியது நான்’ என்ற இரண்டு சொற்களைச் சொல்ல வேண்டும். சொல்லாற்றல் ஊறிப்போன என் வாயிலிருந்து அந்த இரண்டும் வரவில்லை. பல் டாக்டர் என் தோளைத் தட்டி, “குறையே இல்லாத பொண்ணு சார்” என்றார். வெட்கமாக இருந்தது. அதைவிட வெட்கம், நான் அவருக்கு நன்றி சொன்னது.

பிறகு தட்டுக் கழுவும் நேரம். எனக்கு இரண்டு தொட்டி தள்ளி இரண்டு பிள்ளைகளும் நின்றிருந்தார்கள். நோட்டு இல்லாமலே என் மகள் தொடங்கினாள்.

“காம்பஸ ஒடிச்சது நான்தான். ஸாரி.”

“எனக்குத் தெரியும். இவ்வளவு நாளா நீ வருவேன்னு பாத்துக்கிட்டிருந்தேன். நோட்டுல ஏன் எழுதல?”

மகள் திரும்பி என்னைப் பார்த்தாள். என் கையில் சோப்பு நுரையோடு ஒரு தட்டு இருந்தது.

“மறந்துட்டேன்” என்றாள்.

இரண்டு பேரும் சிரித்துப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். உண்மை பேசக் கற்றுக்கொள்ளட்டும் என்று நான் தேடித் தேடிச் சேர்த்த பள்ளியில் என் மகள் தானாகச் சொன்ன முதல் பொய் அது. எனக்காகச் சொன்னாள்.

மறுவாரம் நோட்டைத் தானே எழுதி, மூடி, கையெழுத்துக்கு நீட்டினாள். ஒரே வரி: ‘தோழியிடம் ஒரு பொய் சொன்னேன்.’ என் பெயரை எழுதவில்லை. பேனாவை எடுத்தேன். பேனா தாளுக்கு மேலேயே நின்றது, அவமானத்தால் மட்டும் என்று சொன்னால் அதுவும் பொய். ‘தந்தையின் மீதுள்ள மட்டற்ற அன்பால்’ என்று முன்னால் சேர்த்தால் வாக்கியம் எவ்வளவு எடுப்பாக இருக்கும்! பல்லைக் கடித்துக்கொண்டு கையெழுத்து மட்டும் போட்டேன்.

நீங்கள் அப்படியெல்லாம் இல்லை, தெரியும். ஆனால் ‘மட்டற்ற’ வேண்டாம், ‘ஆழ்ந்த’ என்று போட்டிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும் என்று இப்போது உங்களுக்குத் தோன்றியிருந்தால், சனிக்கிழமை வாருங்கள். என் பக்கத்துத் தொட்டியை உங்களுக்கு ஒழித்துத் தருகிறேன்.