திருநின்றவூரைத் தாண்டாத ரயில்

மண்ணூர்பேட்டையை விட்டு ஓர் அடி நகராமல், ஊட்டிக்கும் நடுக்கடலுக்கும் புலி உலவும் காட்டுக்கும் ஆட்களை அனுப்பிவைத்த மனிதர் இந்த மெட்ராஸிலேயே செட்டிங் நைனா ஒருவர்தான். போனவர்களில் பலர் போன மாதிரியே திரும்பி வரவில்லை என்பது வேறு விஷயம்.

அவருடைய சொந்தப் பெயர் எங்கள் பக்கத்தில் யாருக்கும் தெரியாது. சினிமாவுக்கு அட்டையில் அரண்மனையும் சிறைச்சாலையும் கட்டிக்கொண்டிருந்தவர். எழுபதுகளின் தொடக்கத்தில், அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கு வந்து போகிற வெளியூர் மெக்கானிக்குகளை நம்பி மண்ணூர்பேட்டையில் ஒரு சின்ன லாட்ஜ் கட்டினார். கட்டியதோடு விட்டிருக்கலாம். விடவில்லை; ஒவ்வோர் அறையையும் சினிமா செட்டிங் மாதிரி ஓர் ஊராக்கினார்.

"வெறும் செவுரப் பாத்துகினு படுக்கறதுக்கு ஊடே போதுமே, டீச்சரம்மா. லாட்ஜு இன்னாத்துக்கு?" என்று என்னைக் கேட்பார். பக்கத்துத் தெருவில் குடியிருந்த பள்ளி ஆசிரியை நான்.

ஊட்டி அறையில் சுவரெல்லாம் மலை. சித்திரை வெயிலிலும் அங்கே தங்குகிறவர் குரங்குக் குல்லா போட்டுக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் நைனா மனம் வருந்துவார். கப்பல் அறையில் கட்டிலை நான்கு சங்கிலிகளில் தொங்கவிட்டிருந்தார். கோயம்புத்தூரிலிருந்து மோட்டார் பழுது பார்க்க வந்த ஒருவர், இரண்டு நாள் அதில் படுத்துவிட்டு, தரையில் நடக்கும்போதும் எதையாவது பிடித்துக்கொண்டே நடந்தார். காட்டு அறையில் ஒரு காகிதக்கூழ் புலி. விளக்கு சுவிட்சை அதன் வாய்க்குள் வைத்திருந்தார். அந்த அறையில் யாரும் விளக்கை அணைத்ததில்லை.

இப்படிப்பட்ட இடத்தில் என் சம்பந்தி வீட்டாரைத் தங்கவைக்க நேர்ந்தது. பெண்ணைப் பெற்றவர்களுக்கு ஜாகை என்ற சொல்லைக் கேட்டாலே தூக்கம் போய்விடும். மாப்பிள்ளை வீட்டாருக்குத் தங்க இடம் பார்த்துக் கொடுப்பது பெண் வீட்டார் பொறுப்பு; அதில் ஒரு குறை வந்தால் ஆயுசுக்கும் பேச்சு. என் மகள் வசந்திக்கு வந்த சம்பந்தமோ, காட்பாடிப் பக்கம் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர் வீடு. முன்பு ஓர் இடத்தில் ஜாகையில் வெந்நீர் ஆறியிருந்தது என்பதற்காக நிச்சயதார்த்தத்தையே நிறுத்தியவர் என்று கேள்விப்பட்டிருந்தோம். அக்கம்பக்கத்தில் இருந்ததோ இந்த ஒரே லாட்ஜ்.

நைனாவிடம் கெஞ்சினேன். மலை வேண்டாம், கடல் வேண்டாம், புலி வேண்டவே வேண்டாம், வெள்ளையடித்த அறை ஒன்று போதும் என்றேன். சத்தியம் செய்தார். போகிற போக்கில், சம்பந்திக்கு என்ன உத்தியோகம் என்று கேட்டார். நானும் சொல்லித் தொலைத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை நிச்சயதார்த்தம். பத்தரைக்கு ராகு காலம் பிறந்துவிடும். அதற்குள் தட்டு மாற்ற வேண்டும். வீட்டில் வந்தவர்களை என் கணவர் உபசரித்துக்கொண்டிருந்தார். நான் பிளாஸ்க்கில் காபியும், அழைப்பதற்கு மஞ்சளும் குங்குமமுமாக ஒன்பது மணிக்கே லாட்ஜுக்குப் போனேன். கதவைத் திறந்தேன். உள்ளே ஒரு ரயில் பெட்டி.

மரப் பலகை இருக்கைகள், மேலே படுக்கை, இழுக்கிற ஜன்னல், அபாயச் சங்கிலி. ஜன்னலுக்கு வெளியே பனைமரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. நீண்ட துணியில் காட்சிகளை எழுதி, இரண்டு உருளைகளில் வளையமாக மாட்டி, வராந்தாவில் பாதி சைக்கிள் ஒன்றை நட்டு, அதன்மேல் உட்கார்ந்து நைனா மிதித்துக்கொண்டிருந்தார். பனைமரம், ஒரு மாடு, ஓர் ஏரி, திருநின்றவூர் என்ற பலகை. மறுபடி பனைமரம், அதே மாடு.

சம்பந்தி பட்டு வேட்டியில், ஜன்னலோரம், மடியில் கையை வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். எதிரே அவர் மனைவி. நேரமாகிறது, கிளம்பலாமா என்று பணிவாகக் கேட்டேன்.

"வண்டி இன்னும் அம்பத்தூர் வரலையேம்மா" என்றார் சம்பந்தி.

நைனா வராந்தாவிலிருந்து தலையை நீட்டினார். "அண்ணாத்தே, நீங்க அம்பத்தூர்லதான் கீறீங்க. கதவத் தொறந்துகினு இந்தாண்ட வந்தா முடிஞ்சிது."

"ஓடற வண்டியிலேருந்து இறங்கச் சொல்றீங்களா? சர்வீஸ் பூரா ஒருத்தரையும் நான் அப்படி இறங்க விட்டதில்ல."

அம்பத்தூர் ஸ்டேஷனை ஏன் எழுதவில்லை என்று நைனாவைக் கேட்டேன். ஏரி எழுதுவது அவருக்குக் கைவந்த கலையாம். ஏரி இருப்பதால் அம்பத்தூருக்கு முன்னால் வருகிற திருநின்றவூரோடு நிறுத்திக்கொண்டாராம். மாடு மூன்றாம் முறை என்னைக் கடந்துபோனது. எனக்குக் கண்ணை இருட்டியது. வண்டி நின்றால்தானே இறங்குவார் என்று தோன்றி, சங்கிலியைப் பிடித்து இழுத்தேன். வராந்தாவில் மணி அடித்தது. நைனா மிதிப்பதை நிறுத்தினார். வண்டி மாட்டுக்கு நேரே நின்றது.

சம்பந்தி மெதுவாக என் பக்கம் திரும்பினார். "சங்கிலிய இழுத்ததுக்குக் காரணம்?"

"முகூர்த்தம் போயிட்டிருக்குங்க."

"அது காரணத்துல சேராதே. ஸ்டேஷன் வராம இறங்கறதுக்கும் இல்ல."

வசந்தியின் வாழ்க்கை ஒரு மாட்டின் பக்கத்தில் நின்றுபோய்விட்டது என்று நினைத்தேன். அழுகை வந்தது. சம்பந்தியம்மாள் என் கையைப் பிடித்து ஓரமாக அழைத்துப்போய்க் காதோடு சொன்னார். "கோபம் இல்லம்மா அது. ரிடையர் ஆனதுலேருந்து வீட்டுல சுவரப் பார்த்துட்டு உக்காந்திருப்பார். ஒரு வார்த்த பேசமாட்டார். விடிஞ்சதுலேருந்து இந்த ஜன்னலண்ட உக்காந்து எனக்கு ஊர் ஊரா கதை சொல்லிட்டு வரார். பாதியில எழுப்ப எனக்கு மனசு வரல. நீங்க எப்படியாவது அந்த ஸ்டேஷன வரவெச்சிடுங்க."

லாட்ஜ் போர்வை ஒன்றை வராந்தாவில் விரித்தோம். நிச்சயதார்த்தத்துக்குக் கொண்டுவந்த மஞ்சளைத் தண்ணீரில் குழைத்து நைனா பூசினார். அடுப்புக்கரியை எடுத்து, கரும்பலகையில் எழுதுகிற அழகில் நான் 'அம்பத்தூர்' என்று எழுதினேன். என் புடவையிலிருந்த ஊக்குகளையெல்லாம் கழற்றி, போர்வையைத் திருநின்றவூர்ப் பலகைக்குப் பிறகு வருகிறபடி துணியில் குத்தினோம். நைனா சைக்கிளில் ஏறினார்.

மாடு போனது. ஏரி போனது. திருநின்றவூர் போனது. மஞ்சள் பலகை ஆடிக்கொண்டே வந்தது. சம்பந்தி வேட்டியைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். ஆனந்தத்தில் நைனா ஒரு மிதி கூடுதலாக மிதித்துவிட்டார். அம்பத்தூர் ஜன்னலைத் தாண்டிப் போய்விட்டது.

சம்பந்தி உட்கார்ந்துவிட்டார்.

பின்னால் மிதியுங்கள் என்று கத்தினேன். அது சைக்கிள், பின்னால் மிதித்தால் சக்கரம் சுற்றாது. நைனாவின் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. "இன்னொரு சுத்து போய்த்தான் வரணும், டீச்சரம்மா" என்றார்.

பத்து மணிக்கு மேல், மறுபடியும் பனைமரம். அந்த மாட்டை நான் அன்று வெறுத்ததுபோல வேறு எந்த உயிரையும் வெறுத்ததில்லை. இந்த முறை நைனா பிரசவம் பார்க்கிறவர் மாதிரி மூச்சைப் பிடித்துக்கொண்டு மிதித்தார். பலகை வந்தது. ஜன்னலுக்கு நடுவில் நின்றது. சம்பந்தி எட்டிப் பார்த்து ஒரு முறை படித்தார். எழுந்து, கதவைத் திறந்து, முதலில் தான் இறங்கி, மனைவிக்குக் கை நீட்டி, "பார்த்து இறங்கு" என்றார். சமதரைதான். அந்த அம்மாள் பார்த்தேதான் இறங்கினார்.

மஞ்சள் கறை படிந்த கைகளோடு, ஊக்கில்லாத புடவையை இழுத்துப் பிடித்துக்கொண்டு நான் தட்டு மாற்றினேன். ராகு காலம் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்திருக்கும். ஜாகை எப்படி என்று யாரோ கேட்டதற்கு, வண்டி கொஞ்சம் தாமதம், மற்றபடி குறையில்லை என்றாராம் சம்பந்தி.

கல்யாணம் முடிந்து வசந்தி காட்பாடிக்குப் போனாள். இந்த முறை நிஜ ரயில். எந்தச் சங்கிலியையும் இழுக்க எனக்கு உரிமை இல்லை. அதற்குப் பிறகு வீட்டில் எந்த மூலையைப் பார்த்தாலும் எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு நாள் மாலை நைனா வாசலில் வந்து நின்று, லாட்ஜுவரைக்கும் வந்து போகச் சொன்னார். என்னை ஜன்னலோரம் உட்காரவைத்துவிட்டு, வராந்தாவுக்குப் போனார்.

பனைமரம் வந்தது. மாடு வந்தது. ஏரியும் திருநின்றவூரும் கடந்தன. அதற்கப்புறம் புதிதாக ஒரு வீடு. வாசலில், வசந்தி நிச்சயத்தன்று கட்டியிருந்த அதே பச்சைப் புடவையில் பெண் ஒருத்தி நின்றாள். கண்கள் ஒன்றுக்கொன்று மேலும் கீழுமாக இருந்தன. பின்னலை அந்தக் காட்டு அறைப் புலியின் வாலைப் பார்த்து எழுதியிருக்க வேண்டும். ஆனால் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

வண்டி அங்கே நின்றது. ஒரு மிதிகூடக் கூடுதலாக இல்லை.

"பாப்பா சோக்காத்தான் கீது, டீச்சரம்மா" என்றது வராந்தாக் குரல். "இன்னொரு சுத்து உடட்டா?"

"விடுங்க, நைனா" என்றேன். அந்த மாடுகூட அன்றைக்கு அழகாகத்தான் இருந்தது.