முன்னங்கால் திருத்தப்பட்ட குதிரை

பல் செட் செய்து பிழைப்பவர் ஒருவர், ஓய்வு நேரத்தில் குதிரைகளைத் திருத்தி வந்தார். கடையில் விற்கும் சாண் உயர பிளாஸ்டிக் குதிரையை வாங்குவார். காலை அறுத்து, மனைவியின் முடி உலர்த்தும் டிரையரால் சூடாக்கி, மடக்கி ஒட்டுவார். பல் ராவும் அரத்தால் தாடையைச் செதுக்கி, வண்ணம் பூசி, கடைசியில் தாய் தந்தை பெயரோடு அதற்கொரு வம்சாவளியும் எழுதிவிடுவார்.

இத்தகைய கலைஞர்களுக்கென்று ஒரு சங்கம் உண்டு. அது வருடா வருடம் நடத்தும் போட்டியில் குதிரைக்கு ஒரு பரிசு, கூட வரும் ஆவணங்களுக்கு ஒரு பரிசு. அதற்கு அறுபத்திரண்டு விதிகள். முதல் விதி: குதிரையைப் 'பொம்மை' என்று சொன்னவர் அக்கணமே போட்டியிலிருந்து நீக்கப்படுவார்.

ஒன்பது வருடமாக ஆறுதல் பரிசுகூடக் கிடைக்காத நம்மவர், இந்த முறை ஏழு மாதம் பாடுபட்டு ஒரு செம்பழுப்புக் குதிரையைத் தேற்றியிருந்தார். விதிப்படி அது போட்டி நடக்கும் கண்காட்சிக்குப் பார்சலில்தான் போய்ச் சேர வேண்டும். மனைவியோடு பார்சல் அலுவலகம் போனார்.

அதிகாரி படிவத்தைப் படித்தார். "'முன்னங்கால் அறுத்து மடக்கி ஒட்டப்பட்டது'ன்னு எழுதியிருக்கீங்க. மயக்க மருந்து குடுத்தீங்களா?"

"சார், பெட்டியத் திறந்து பாருங்க."

"பெட்டி பாக்கறது வேற செக்‌ஷன். நான் பாக்கறது பேப்பர்."

"எடை நானூறு கிராம்னு போட்டிருக்கேனே சார்."

"கவனிச்சேன். பட்டினி போட்டிருக்கீங்க. அது தனி வழக்கு."

அதிகாரி ஈரமில்லாதவர் அல்ல. "ஒண்ணு பண்ணுங்க. 'இது பொம்மை'ன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க. இப்பவே அனுப்பிடறேன்."

நம்மவர் திரும்பிப் பார்த்தார். வரிசையில் மூன்றாவதாகச் சங்கச் செயலாளர், தம் குதிரையைப் பெட்டியோடு அணைத்தபடி நின்றிருந்தார்.

"அதை மட்டும் எழுத மாட்டேன் சார்."

"எழுதித் தொலைங்களேன், மூணே எழுத்து" என்றாள் மனைவி.

"உனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இரு."

"ஏழு மாசமா ஈரத்தலையோட வேலைக்குப் போறேன். எனக்குத் தெரியாதா?"

விஷயம் கால்நடை மருத்துவரிடம் போயிற்று. அவர் பெட்டியைத் திறந்து பார்த்தார், மூடினார்.

"இத குதிரை இல்லன்னு எழுதினா, இல்லாத குதிரைய எதுக்குப் பரிசோதிச்சேன்னு மேலிடத்துல கேப்பாங்க" என்று சொல்லிவிட்டுச் சான்றிதழ் எழுதினார். 'சாந்த சுபாவம். கடிக்கவில்லை, உதைக்கவில்லை. பரிசோதனைக்கு முழு ஒத்துழைப்பு நல்கியது. ஒட்டிய கால் ஆறிவிட்டது. பயணத்துக்குத் தகுதியுடையது.'

உயிருள்ள விலங்குக்குரிய மரியாதைகளுடன், காற்றோட்டமான பெட்டியில், ஒரு கட்டுப் புல்லோடு குதிரை போய்ச் சேர்ந்தது.

கண்காட்சியில் தலைமை நடுவர் சான்றிதழை இரண்டு முறை படித்தார். "அரங்குக்குள்ள உயிருள்ள விலங்குக்கு அனுமதி இல்ல. விதி நாற்பத்தொண்ணு."

"ஐயா, கண்ணால பாருங்களேன்."

"பாத்தேன். உயிரோட இருக்கற மாதிரிதான் இருக்கு."

"அது என் கைவேலைங்க."

"பேப்பரும் அதையேதான் சொல்லுது. வெளியில எங்கயாவது கட்டிட்டு வாங்க."

காவலாளி குதிரையைத் தூக்க வந்தார். ஒன்பது வருடமும் ஏழு மாதமும் வாசலை நோக்கிப் போவதைப் பார்த்தார் நம்மவர்.

"பொம்மைங்க" என்றார். "இது வெறும் பிளாஸ்டிக் பொம்மைங்க."

பக்கத்து மேஜைப் பெண்மணி தம் குதிரையின் இரு காதுகளையும் பொத்தினார். செயலாளர் வருத்தத்துடன் முதல் விதியை வாசித்தார். நம்மவர் நீக்கப்பட்டார்.

குதிரை வெளியேறினாலும் அதன் காகிதங்கள் மேஜையிலேயே கிடந்தன. மாலையில் முடிவுகளை அறிவித்தார்கள். ஆவணப் பிரிவில் முதல் பரிசு கால்நடை மருத்துவரின் சான்றிதழுக்கு. 'முழுக்க முழுக்கக் கற்பனை. ஆனால் ஒரு வரியில்கூட அது தெரியவில்லை' என்று நடுவர்கள் ஒருமனதாகக் குறித்திருந்தார்கள்.