பிரெஞ்சுக்காரன் என்ன முறை?

நெல் அவிக்கும் வாசனை வந்தால் மற்றவர்களுக்குப் பசிக்கும். எனக்கு ஐரோப்பா ஞாபகம் வரும். ஈரமும் உமியும் ஆவியுமாக அது எழும்போதெல்லாம் நான் மறுபடி இருபத்திரண்டு வயதுக்காரனாகி, அம்பாசமுத்திரத்து நெற்களத்தில் ஒரு மரப்பெட்டியின் மேல் நிற்கிறேன். (பெட்டி ஆடுகிறது என்று நினைத்தேன். ஆடியது நான்தான்.)

ஐரோப்பாவில் யுத்தம் தொடங்கிய வருஷம். நம்மை ஆண்ட வெள்ளைக்கார ராஜாவின் சர்க்கார் யாரோடு சேர்ந்து யாரை எதிர்க்கிறது, அதில் நம் தேசத்தின் பங்கு என்ன என்று ஜனங்களுக்கு விளக்கும்படி மேலிடத்து உத்தரவு. தாசில்தார் என்னைப் பிடித்தார். நான் அப்போது ஆக்டிங் வாத்தியார்.

"கூட்டம் நல்லபடியா முடிஞ்சா, உம்ம வேலையை நிரந்தரமாக்க நானே சிபாரிசு எழுதுதேன்" என்றார்.

மூன்று நாள் ஆற்றங்கரையில் அலைந்தேன். உடன்படிக்கையை உறவுமுறையாகச் சொல்லிவிட்டால் என்ன? தாமிரபரணியே சலசலத்து என்னைப் பாராட்டியதாக நம்பினேன். (வாலிபனுக்குத் தண்ணீர்ச் சத்தம்கூடக் கைதட்டல்தான்.)

"ருஷியச் சக்கரவர்த்தி நம் ராஜாவுக்குச் சித்தி மகன். தம்பி முறை. ஆபத்தென்றால் தம்பி ஓடி வரமாட்டானா?" என்று கூட்டத்தன்று பெட்டிமேல் ஏறித் தொடங்கினேன். கூட்டம் தலையாட்டியது. நாற்காலியில் தாசில்தார் மீசையைத் தடவினார். என் வேலை நிரந்தரமாகிக்கொண்டிருந்தது.

"அப்ப அந்த ஜெர்மனிக்காரன் யாரு வே?" என்றார் களத்துச் சொந்தக்காரர் சுடலைமுத்து அண்ணாச்சி.

படித்த வாய் சும்மா இருக்குமா? "அவரும் சொந்தம்தான். அத்தை மகன்."

அண்ணாச்சி எழுந்து நின்றார். அவருக்குப் பின்னால் அடுப்பில் நெல் கொதித்தது.

"அத்தை மகனா? மச்சான்லா வே அவன்! ராஜாவுக்குக் கூடப்பிறந்த பொம்பளப்பிள்ளை உண்டா?"

"மூன்று பேர்."

"ஒண்ணையாவது அவனுக்குக் கொடுத்தாவளா?"

"இல்லை. ஒருவரை நார்வே ராஜாவுக்கு..."

"ஏலே, கேட்டியளா! முறை மாப்பிள்ளை குத்துக்கல்லாட்டம் இருக்க, பொண்ணை அசலூர்ல கொடுத்திருக்காவ. அவன் அருவாளைத் தூக்காம என்ன செய்வான்? தப்பு நம்ம பக்கம்லா இருக்கு!"

"அதான!" என்றது களம் முழுவதும்.

நான் பதறி, "பிரெஞ்சுக்காரர்களும் நம் பக்கம்தான்!" என்று கூவினேன்.

"அவன் ராஜா நம்ம ராஜாவுக்கு என்ன முறை?"

"அங்கே ராஜாவே கிடையாது."

"ராஜா இல்லாதவனுக்குக் குடும்ப விஷயத்துல என்ன வே சோலி?"

(இன்றும் எங்கள் வீட்டுக் கல்யாணப் பேச்சில் சம்பந்தமில்லாதவர் யாராவது வாய் திறந்தால், "பிரெஞ்சுக்காரர் வந்தாச்சு" என்று அடுக்களையிலிருந்து என் மனைவியின் குரல் வரும். வாய் திறந்தவருக்கு மட்டும் அர்த்தம் தெரியாது, பாவம், சிரிப்பார்.)

கடைசியில் ஏகமனதாக ஒரு தீர்மானம். தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு வைத்து, தாசில்தார் தலைமையில் நாலு பெரிய மனிதர்கள் ஜெர்மனிக்குப் போய்ச் சமாதானம் பேசுவது. தாம்பாளம் தன்னுடையது என்றார் அண்ணாச்சி. தாசில்தார் எழுந்துவிட்டார்.

வில்வண்டிவரை அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஏறி உட்கார்ந்து, "சிபாரிசை மறந்துரும். இந்த மாசத்தோட வேற சோலி பாத்துக்கிடும்" என்றார். என் உத்தியோகம் அந்த வண்டிச் சக்கரத்தடியில் நசுங்கியது.

வண்டி பத்தடி போய் நின்றது. தட்டி விலகி, தலை மட்டும் வெளியே வந்தது.

"நெசத்தைச் சொல்லும் வே. அவன் பொண்ணு கேட்டு ஆளு விட்டானா, இல்லியா?"